கறை வேறு, பள்ளம் வேறு

என் முகத்தில் இருந்தது ஒரு தொல்லை அல்ல, இரண்டு. இது தெரியவே எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. பரு அமுங்கிய இடத்தில் நிற்கும் கறுப்புக் கறையையும், அதே கன்னத்தில் கிடக்கும் குழியையும் எங்கள் வீட்டில் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. கண்ணாடியில் மொத்தமாக ஒரு முகம் தெரியும், அது எனக்குப் பிடிக்காது, லைட்டை அணைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

பதினாலு வயதில் ஆரம்பித்த பரு. அம்மா ஜாதிக்காயைச் சந்தனக்கல்லில் பால் விட்டு இழைத்து, ஒவ்வொரு பருவின் மேலும் பொட்டு வைப்பாள். இரவு முழுக்கக் காய்ந்து, காலையில் முகம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அத்தை வந்தால் வேப்பிலை, பெரியம்மா வந்தால் கஸ்தூரி மஞ்சள், பக்கத்து வீட்டு ஆச்சி வந்தால் எலுமிச்சை. ஆச்சியின் வைத்தியம்தான் பொல்லாதது. பாதி மூடியை நேராகக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துவிட்டு, “எரிஞ்சாத்தாண்டி வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்பார். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். ஏறக்குறைய 2. அந்தக் கன்னத்தோடு மதுரை வெயிலில் சைக்கிளை மிதித்துப் பள்ளிக்கூடம் போவேன். பிற்காலத்தில் தோல் டாக்டர் காசு வாங்கிக்கொண்டு பூசியதும் பழத்திலும் பாலிலும் இருக்கிற அமிலத்தின் இனம்தான். ஆச்சியிடம் இல்லாதவை கடிகாரமும் குடையும்.

“கல்யாணமானா எல்லாம் போயிடும்” என்று எல்லோரும் சொன்னார்கள். கல்யாணம் ஆனது. பரு போனது. அது விட்டுப்போனவை மட்டும் அப்படியே இருந்தன. அதற்குள் நான் மேலூர்ப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப்பள்ளியில் வேதியியல் ஆசிரியை ஆகிவிட்டேன். ஆய்வகத்தில் ஒரு நாள், முன்வரிசைப் பெண் ஒருத்தி ரொம்பச் சாதாரணமாக, “டீச்சர், ஒங்களுக்கு அம்மை போட்டிருந்துச்சா?” என்றாள். கேலி இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “இல்லம்மா, பரு” என்றேன். “எனக்கும் இருக்கு டீச்சர்” என்று துப்பட்டாவை விலக்கித் தாடையைக் காட்டினாள். அன்று மாலைதான் தோல் டாக்டரைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் போனது நகரத்தில் பெயர்பெற்ற ஒரு பெரிய க்ளினிக். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ‘கவுன்சலர்’ என்று ஒரு பெண் உட்காரவைத்து, லேமினேட் செய்த அட்டை ஒன்றை நீட்டினாள். துணிக்கடை ஆடித் தள்ளுபடிக்குக் குறைவில்லாத அட்டை அது. முகத்தில் அமிலம் பூசித் தோலை உரிக்கிற ‘பீல்’களின் பட்டியல். கிளைகாலிக், லாக்டிக், மேன்டலிக், யெல்லோ பீல், பார்ட்டி பீல், மணப்பெண் பேக்கேஜ். ஆறு தடவைக்கு மொத்தமாகக் கட்டினால் ஒன்று இலவசம். எத்தனை சதவீதம் என்று கேட்டேன். “எழுபது வரைக்கும் இருக்கு மேடம், அதுதான் பெஸ்ட்” என்றாள். பி.எச். என்ன என்று கேட்டேன். எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, அது இம்போர்ட்டட் என்றாள்.

நான் வம்புக்குக் கேட்கவில்லை. கிளைகாலிக் அமிலத்தின் வலிமையைச் சொல்லும் பி.கே.ஏ. மதிப்பு 3.83. பாட்டிலின் பி.எச்.சும் அதே அளவில் இருந்தால், உள்ளே இருப்பதில் பாதிதான் அமிலமாக இருக்கும், மறுபாதி உப்பாகியிருக்கும். தோலுக்குள் இறங்கி வேலை செய்வது அமிலமாக இருக்கும் பாதி. ஆகவே பி.எச். உயர்ந்த ஐம்பது சதவீதத்தைவிட, பி.எச். தாழ்ந்த முப்பது சதவீதம் கடுமையாக இருக்கக்கூடும். பன்னிரண்டாம் வகுப்பில் தாங்கல் கரைசல் பாடம் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு இது தெரியும். சதவீதத்தை மட்டும் சொல்லி முகத்தில் அமிலம் பூச வருகிற இடத்தில் எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை.

சக ஆசிரியை ஒருவர்தான் ஒரு டாக்டர் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அரசு மருத்துவமனையில் தோல் பிரிவில் பல வருஷம் இருந்து ஓய்வுபெற்றவர். பைபாஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் மாலைநேர க்ளினிக். அட்டை கிடையாது, கவுன்சலர் கிடையாது, டோக்கன் கொடுக்கும் ஒரு பையன் மட்டும். டாக்டர் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார். ட்யூப்லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சைக் காதுப் பக்கத்திலிருந்து சாய்வாக அடித்தார். கையில் கண்ணாடியைக் கொடுத்து, “இப்ப பாருங்க டீச்சர்” என்றார்.

நேர்வெளிச்சத்தில் தெரியாத மேடுபள்ளம் எல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் கட்டி நின்றன. பிறகு இரண்டு விரலால் கன்னத்தோலை இழுத்துப் பிடித்தார். அகலமாக, அலையலையாக இருந்த பள்ளங்கள் காணாமல் போயின. விட்டதும் திரும்பி வந்தன. “இது ரோலிங். அடியில நார் பிடிச்சு இழுத்துக்கிட்டிருக்கு. மேல எதப் பூசினாலும் எழும்பாது. ஊசியை உள்ள விட்டு அந்த நாரை அறுத்துவிடணும்.” இழுத்தாலும் மறையாமல், ஊசிமுனை அளவுக்குக் குறுகி ஆழமாக நின்றவை ஐஸ் பிக். கரை செங்குத்தாக இருந்த ஒன்றிரண்டு பாக்ஸ்கார். கடைசியாக விரல்நுனியால் கறுப்புப் புள்ளிகளைத் தடவிக் காட்டினார். வழவழவென்று இருந்தன. பள்ளமே இல்லை. வெறும் நிறம். பரு வீங்கி ஆறும்போது தோல் தேவைக்கு மேல் மெலனின் கொட்டிவிட்டுப் போன இடங்கள்.

“பீல் பண்ணினா இந்தக் கறை போகும். பள்ளம் போகாது. ரெண்டுக்கும் சேத்து ஒரே பீல்னு யாராவது சொன்னா எழுந்து வந்துருங்க.”

நான் ஏற்கெனவே எழுந்து வந்திருந்ததைச் சொன்னேன். சிரித்தார். எங்களுக்குள் ஒத்துப்போனது அங்கேதான்.

மேலோட்டமான பீல் என்பது மேல்தோலோடு நின்றுவிடும். கறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பதால் தோல் புதுப்பிக்கப்படும்போது அதுவும் வெளியேறும். பள்ளத்தின் அடித்தளமோ உள்தோலில், கொலாஜன் கரைந்துபோன இடத்தில். அங்கே எட்டும் அளவுக்கு முகம் முழுக்க அமிலத்தை இறக்கினால் வெள்ளைக்காரத் தோல் ஒருவேளை தாங்கும். நம்முடைய தோலில், அந்தக் காயம் ஆறும்போதே புதிதாகக் கறை ஏறும். கறை போக்கப் போய்க் கறை வாங்கி வருவது. இந்த வைத்தியத்தின் மொத்தச் சிக்கலும் இதுதான். ஃபீனால் போட்டு ஆழமாக உரிக்கிற முறை ஒன்று உண்டு. இதயத் துடிப்பையே தடுமாறவைக்கக் கூடியது என்பதால் மானிட்டர் வைத்துத்தான் செய்வார்கள். மாநிறத்துக்கு மேல் கறுத்தவர்களை அதன் பக்கமே விடமாட்டார்கள்.

என் தோல் வகையைக் குறிப்பேட்டில் ரோமன் எண்ணில் ஐந்து என்று எழுதினார். தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975-ல் ஆரம்பித்த வகைப்பாடு. வெயிலில் நின்றால் தோல் சிவந்து எரிகிறதா, கறுக்கிறதா என்பதுதான் அளவுகோல். ஒளிச்சிகிச்சைக்கு அளவு நிர்ணயிக்க, முதலில் வெள்ளைத் தோலை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது. நாமெல்லாம் அடங்கும் ஐந்தும் ஆறும் பின்னால் சேர்ந்தவை. அதே 1975-ல்தான் ஃபேர் அண்ட் லவ்லி இந்தியக் கடைகளுக்கு வந்தது. அதே வருஷம்தான் ஆல்பர்ட் கிளிக்மன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் கலந்த களிம்பைப் பற்றி எழுதினார். அந்தக் களிம்பின் பேரப்பிள்ளைகள்தான் நம் மருந்துக்கடைகளில் சீட்டே இல்லாமல் ‘சிவப்பழகு ட்யூப்’ என்று விற்பனையாகி, எத்தனையோ பெண்களின் முகத்தை மெலிந்து சிவந்து ரத்தநாளம் தெரிய ஆக்கிவைத்தன. 1975 நம்முடைய முகங்களுக்கு அப்படி ஒரு வருஷம்.

நிறம் பற்றி டாக்டர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். என் காதை மடக்கிப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, “இதுதான் உங்க கலர். இதுக்கு மேல என்னால தர முடியாது, தரவும் மாட்டேன்” என்றார். நானும் அதற்கு மேல் கேட்கப் போகவில்லை.

அது பங்குனி கடைசி. அன்றைக்கே பூசிவிடுவார் என்று கைப்பையில் பணத்தோடு போயிருந்தேன். “சித்திரை முடியட்டும். அழகர் ஆத்துல எறங்குறதப் பாக்கப் போவீங்களா?” என்றார். போவோம் என்றேன். “பேப்பர் திருத்துற வேலை, எலெக்‌ஷன் டூட்டி எல்லாம் இருக்கும். வெயில் ஏறின மொகத்துல நான் கை வைக்க மாட்டேன். ஆடிக்கு வாங்க.” அதுவரை இரவில் தடவ ஒரு ட்ரெட்டினாயின் க்ரீம், பகலுக்கு நிறம் கலந்த சன்ஸ்க்ரீன். வெறும் வெள்ளை சன்ஸ்க்ரீன் ஏன் போதாது என்று கேட்டதற்கு, எஸ்.பி.எஃப். எண் முக்கியமாகப் புறஊதா பி கதிரைத்தான் கணக்கில் எடுக்கிறது, கண்ணுக்குத் தெரிகிற ஒளியே நம் தோலைக் கறுக்கவைக்கும், அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு வேண்டும் என்றார். ஆய்வக அலமாரியில் சிவப்பாக நிற்கும் ஃபெர்ரிக் ஆக்சைடு பாட்டிலை அதற்குப் பிறகு கொஞ்சம் மரியாதையோடு பார்த்தேன். காலை வணக்கக் கூட்டத்தில் வெயிலில் நிற்பதற்கு முன் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூசிக்கொள்வேன். தலைமையாசிரியர் என்னைப் பார்த்து மேக்கப் கூடிவிட்டது என்று யாரிடமோ சொன்னாராம்.

நடுவில் எங்கள் அத்தை மகள் கதை நடந்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம். பக்கத்து ஊர் அழகு நிலையம் ஒன்றில் முகத்துக்கு வேக்ஸிங் பண்ணி, அந்த வாரத்திலேயே ‘ஒரே நாளில் பளிச்’ என்று ஏதோ பீல் போட்டுவிட்டார்கள். பாட்டிலில் என்ன இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இரவே கன்னம் கொப்பளித்தது. மேடையில் பூச்சுக்கு மேல் பூச்சுப் போட்டு உட்காரவைத்தார்கள், பாவம். மறுவீட்டுக்கு வரும்போது இரண்டு கன்னமும் தீய்ந்த கறுப்பு. அவளையும் மாடிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் புதிதாக எதையும் பூசவில்லை. சன்ஸ்க்ரீனும் ஒரு சாதாரண ஈரப்பத க்ரீமும் கொடுத்து, காத்திருக்கச் சொன்னார். அது தெளியக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆயிற்று. அவள் மாமியார் அந்த ஒரு வருஷத்தில் பேசிய பேச்சைத் தனியாக எழுத வேண்டும்.

ஆடியில் போனபோது எதைப் பூசுவது என்ற பேச்சு வந்தது. இந்த இடத்தில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், என் பாடம் என் முகத்துக்கு வருகிறதே என்று. அமிலங்களின் வலிமையை நாங்கள் பி.கே.ஏ. வைத்துச் சொல்லிக்கொடுப்போம். எண் குறையக் குறைய வலிமை கூடும். அந்தக் கணக்கில் சாலிசிலிக் (2.97) கிளைகாலிக்கைவிட (3.83) வலியது. முகத்தில் அந்த வரிசை எடுபடாது. கிளைகாலிக் மூலக்கூறு மிகச் சிறியது, மூலக்கூறு எடை 76. சரசரவென்று இறங்கிவிடும், ஒரே சீராகவும் இறங்காது. அதனால் நேரம் பார்த்து நிறுத்த வேண்டும். மேன்டலிக் அதைப்போல் சரியாக இரண்டு மடங்கு, 152. மெதுவாக இறங்கும், எரிச்சல் குறைவு, கறுத்த தோலுக்கு அனுகூலம். சாலிசிலிக் எண்ணெயில் கரையும் என்பதால் எண்ணெய்ச் சுரப்பியின் வாய்க்குள்ளேயே போகும், தானாகவே ஓர் அளவில் நின்றும் விடும். ட்ரைகுளோரோ அசிட்டிக் மட்டும் தனி ஜாதி. அசிட்டிக் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜனுக்குப் பதில் மூன்று குளோரின். தூண்டல் விளைவுக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் நான் எழுதும் உதாரணம். வினிகரில் இருக்கிற சாதுவான அமிலம், மூன்று குளோரின் ஏறியதும் புரதத்தைத் தொட்ட இடத்தில் உறையவைக்கிறது.

“மொதல்ல சாலிசிலிக். உங்களுக்கு இன்னும் எண்ணெய் வடியுது. பின்னாடி மேன்டலிக் கலந்து பாக்கலாம். கிளைகாலிக் கடைசில, அதுவும் கொறஞ்ச அளவுல” என்றார் டாக்டர். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளுமா, உதட்டில் அக்கி வருமா, காயம் பட்டால் தழும்பு தடித்து வளருமா, குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்களா, பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று வரிசையாகக் கேட்டார். ஆஸ்பிரினும் சாலிசிலிக்கும் ஒரே குடும்பம். அது எனக்குத் தெரியும் என்பது தெரிந்தும் கேட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஸ்பிரிட் பஞ்சால் முகத்து எண்ணெயைத் துடைத்தார். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் மூன்றிலும் வாஸ்லின். நெற்றியில் தொடங்கி, கன்னம், தாடை, மூக்கு என்று வேகமாகப் பூசிக்கொண்டு போனார். டோக்கன் பையன் ஒரு சின்ன ஃபேனை முகத்துக்கு நேரே பிடித்தான். கொஞ்சம் கொஞ்சமாக எரிச்சல் ஏறி, “பத்துக்கு எவ்வளவு?” என்று டாக்டர் கேட்டபோது “ஏழு” என்றேன். அதற்குப் பிறகு ஏறவில்லை. சட்டென்று மரத்துப்போய்க் குளிர்ந்தது. கண்ணாடியில் முகம் முழுக்க வெள்ளை பூத்திருந்தது.

“பயப்படாதீங்க, தோல் வெந்து வந்த வெள்ளை இல்ல இது.”

“தெரியும் டாக்டர். எத்தனால் ஆவியாயிருச்சு, சாலிசிலிக் படிகமா நின்னுபோச்சு.”

“ஒங்களுக்கு பீல் போடுறது இன்ஸ்பெக்‌ஷன்ல பாடம் எடுக்கிற மாதிரி இருக்கு டீச்சர்.”

கிளைகாலிக் பூசியது பின்னால் வந்த மாதங்களில். அதில் கடிகாரம்தான் ராஜா. நேரம் முடிந்ததும் சோடியம் பைகார்பனேட் கரைசலை ஒற்றினார். கன்னத்தில் சின்னச் சின்னதாக நுரைத்தது. கார்பன் டை ஆக்சைடு. உப்புப் பகுப்பாய்வில் பிள்ளைகள் சோதனைக்குழாயில் பார்க்கிற அதே நுரை.

ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நாளில் உதட்டைச் சுற்றி ஆரம்பித்துத் தோல் உரியும். அம்மா வந்திருந்தபோது பார்த்துவிட்டு, “ஏண்டி, பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி இருக்கு, பிச்சு எடுத்துவிடவா?” என்று கையைக் கொண்டுவந்தாள். பிய்க்கவே கூடாது, பிய்த்த இடம் கறுக்கும் என்று டாக்டர் மிரட்டி அனுப்பியிருந்தார். வகுப்பில் சாக்பீஸ் தூள் எங்கே முடிகிறது, என் தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத நாட்கள் அவை.

பள்ளங்களில் ஐஸ் பிக் குழிகளுக்கு மட்டும் ட்ரைகுளோரோ அசிட்டிக் வந்தது, அதுவும் கன்னம் முழுக்க அல்ல. கொரியத் தோல் மருத்துவர்கள் 2002-ல் எழுதிய முறை, க்ராஸ் என்று பெயர். கூர்தீட்டிய மரக்குச்சியை அடர்ந்த அமிலத்தில் தோய்த்து, குழியின் அடியில் மட்டும் அழுத்தித் தொடுவது. முதலில் காதோரம் ஒரே ஒரு குழியில் தொட்டுவிட்டு, அது எப்படி ஆறுகிறது, சுற்றிக் கறுக்கிறதா என்று பார்க்க அனுப்பிவிட்டார். பிறகுதான் மற்றவை. தொட்ட சில நொடிகளில் குழிக்குள் சுண்ணாம்பு வெள்ளை ஒரு புள்ளி. இது நிஜமாகவே புரதம் உறைந்த வெள்ளை. ஒரு கூர்மையான குத்தல், அவ்வளவுதான். பக்குக்கட்டி உதிர்ந்து, அடியிலிருந்து மெல்ல மெல்ல நிரம்பி, குழிகள் ஆழம் குறைந்தன. மறையவில்லை. ரோலிங் பள்ளங்களுக்கு ஊசி போட்டு அறுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். பொதுத்தேர்வு, மாமனார் ஆபரேஷன் என்று தள்ளிப்போய், வேண்டாம் என்றே விட்டுவிட்டேன்.

கறைகள் போய்விட்டன. அதில் சந்தேகமில்லை. வீட்டுக்காரருக்கு எதுவும் வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது பில் மட்டும். கல்லூரித் தோழி ஒருத்தி, “தூக்கம் நல்லா வருதா இப்பெல்லாம்?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காக நான் இன்னும் நாலு பீல் போட்டுக்கொள்வேன். சாய்ந்த வெளிச்சத்தில், பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால், கன்னத்து அலைகள் இப்போதும் தெரியும். அவற்றோடு எனக்கு இப்போது சண்டை இல்லை. அவை பீலின் வேலை அல்ல என்று முதல் நாளே சொல்லிவிட்டதால், ஏமாந்துபோனேன் என்ற எண்ணமும் இல்லை.

போன வருஷம் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவள் அம்மாவோடு ஆசிரியர் அறைக்கு வந்தாள். ஆன்லைனில் வாங்கிய ஒரு பீல் பாட்டிலை மேசையில் வைத்தார்கள். “நீங்க ஏதோ பூசித்தான் டீச்சர் மொகம் தெளிஞ்சுச்சாம்ல. இதத்தான் பூசுனீங்களா?” என்றார் அந்த அம்மா. முப்பது சதவீதம் என்று பெரிதாக எழுதியிருந்தது. பி.எச். எங்கேயும் இல்லை. பெண்ணின் கன்னத்தில் சீழ்கட்டிய பருக்கள் புதிதாக வந்துகொண்டிருந்தன.

“பரு வந்துக்கிட்டிருக்கும்போது தழும்பப் பத்திப் பேச வேணாங்க. மொதல்ல இது நிக்கணும். பெரியாஸ்பத்திரில தோல் ஓ.பி. காலைலதான். வெள்ளனப் போயி சீட்டு வாங்கிருங்க. மெடிக்கல்ல ஏதாச்சும் ட்யூப் வாங்கித் தடவுறாளா?”

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தார்.

“அதையும் கையில எடுத்துட்டுப் போங்க, டாக்டர் பாக்கணும்.”

“இந்தப் பாட்டில என்ன டீச்சர் பண்றது? ஐநூத்திச்சொச்சம் குடுத்து வாங்கினது.”

“சீல் ஒடச்சாச்சா?”

“இல்ல டீச்சர்.”

“அப்ப இன்னைக்கே ரிட்டன் போடு.”